இடுப்பில் ஹேண்டி, தோளில் மைக்: லாபமா நட்டமா?

கால்அலை:
ஸ்பீக்கர் மைக் (வயரில் இணைத்துக் காலரில் மாட்டும் மைக்கும் ஸ்பீக்கரும்) வாங்கியதும் எல்லாரும் ஹேண்டியை, அதாவது கையடக்க ஹாம் ரேடியோ செட்டை, இடுப்புக்கு இறக்கிவிடுகிறார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் இது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. முகத்துக்கு நேரே பிடித்தால் ஆன்டெனா வெட்டவெளியில் நிற்கும். பிடித்த கையே அதற்குத் தரையாகவும், அதாவது ஆன்டெனாவின் மறுபாதியாகவும், உதவும். பெல்ட்டில் செருகினால் உடம்பு அலையைக் குடித்துவிடும். 10 டெசிபெல் போனால் 5 வாட் செட், அரை வாட் செட்தான். மைக்குக்கு ஆகிற காசில் நல்ல ஆன்டெனா வாங்கலாம்.

தோள்பட்டை:
தேரோட்டக் கூட்டத்துல ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது செட்டை மூஞ்சிக்கு நேரா தூக்கிட்டே நிக்க முடியுமா ஓஎம் (ஹாம்காரங்க கூப்பிடற 'ஓல்ட் மேன்')? பக்கத்துல மேளம் அடிச்சா இடுப்புல இருக்கற ஸ்பீக்கர் காதுக்கு எட்டாது. காலர்ல மைக் இருந்தா கூப்பிட்டது கேக்கும். அப்புறம் உங்க "நல்ல ஆன்டெனா". 40 செ.மீ. விப் ஆன்டெனாவை இடுப்புல மாட்டிப் பாருங்க. அக்குளைக் குத்தும், உக்காந்தா வளையும். அந்த நெம்பு மொத்தமும் ஆன்டெனா திருகற எஸ்எம்ஏ முனையோட கழுத்துல விழுந்து, உள்ளே போர்டுல ஈயப்பற்று விரிசல் விடும்.

கால்அலை:
நெம்புக்கு வழி உண்டு. எஸ்எம்ஏ–பிஎன்சி அடாப்டர் (எஸ்எம்ஏவைப் பெரிய பிஎன்சி முனையாக மாற்றுவது) போட்டு அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள்; சுமை செட்டின் கூட்டுக்குப் போய்விடும். வாங்கும்போது முனையைப் பாருங்கள்: பாவ்ஃபெங் யூவி-5ஆர் செட்டுக்குப் பெண் முனை ஆன்டெனா, யேசு எஃப்டி-60க்கு ஆண் முனை. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

செப்புக்கம்பி:
இரண்டு பேரும் எலிவாலை மறந்துவிட்டீர்கள். 49 செ.மீ. மெல்லிய கம்பி, ஒரு முனையில் ரிங் டெர்மினல் (உலோக வளையம்). ஆன்டெனா அடியின் வெளி உலோகத்தோடு இறுக்கித் தொங்கவிட வேண்டும். நடு முள்ளில் பட்டால் ஷார்ட், கவனம். செட்டோடு வரும் குட்டை ரப்பர் டக் ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை இந்தக் கம்பி தருகிறது. 145இல் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) என்றால் 435இல் அதே நீளம் முக்கால் அலை. ஆகவே இரண்டு பேண்டுக்கும் ஒரே கம்பி போதும்.

தோள்பட்டை:
கூட்டத்துல அந்த வால் யார் பை ஜிப்லயாவது மாட்டும். அதுக்கு மைக் தலைமேலேயே ஆன்டெனா வர்ற ரகம் தேவலை. ஆன்டெனா தோள் உயரத்துக்கு வந்துடுது. உள்ளே ஓடற அரை மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) 435லகூட சுமார் அரை டெசிபெல்தான் தின்னும்.

கால்அலை:
அதற்கென்று கட்டிய செட்டுக்கு மட்டும்தான் அது. சாதாரண செட்டின் இரண்டு பின் மைக் ஜாக்கில் ஆன்டெனா இணைப்பே கிடையாது. இன்னொன்று: மைக் வயரே ஆன்டெனாவாக அலையைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும். எதிர்முனையில் குரலோடு இரைச்சல், சில சமயம் பிடிடியை (பேச அழுத்தும் பொத்தானை) விட்ட பிறகும் செட் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கும்.

செப்புக்கம்பி:
லோ பவருக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் போனால் அலைதான் காரணம்: செட் பக்க முனையில் அலையைத் தடுக்கும் 43 ரக ஃபெரைட் கிளிப்பில் வயரை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், அடங்காவிட்டால் மைக் கேப்ஸ்யூலுக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் செராமிக். லோ பவரிலும் இரைச்சல் போகாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். ரப்பர் உறை தடுத்து 2.5, 3.5 மி.மீ. பின்கள் முழுதாக இறங்காமல் நிற்பது வழக்கம். விளிம்பைப் பிளேடால் சீவினால் சரியாகும். எதுவானாலும் யூவி-5ஆரில் மெனு 9இல் டைம்-அவுட்டை (டிரான்ஸ்மிட்டைத் தானே நிறுத்தும் கெடுவை) 60 நொடிக்கு வைத்துவிடுங்கள். சிக்கின ஒரு பிடிடி ரிப்பீட்டரையே (அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் பொது நிலையத்தையே) முடக்கிவிடும்.

தோள்பட்டை:
டைம்-அவுட் ஒத்துக்கறேன். செட்டை மார்புப் பட்டையில ஏத்தி மாட்டினா? ஆன்டெனா தோளுக்கு மேல நிக்கும், மைக் வயரும் குறுகும்.

கால்அலை:
அப்படியென்றால் சரி. முதுகுப் பக்கம் இருக்கும் ரிப்பீட்டருக்குப் பேசும்போது மட்டும் திரும்பி நின்று பேசுங்கள்.

தோள்பட்டை:
தேர் வடம் பிடிச்சிட்டிருக்கவன் எங்க திரும்பறது?