கால்சியம் சேனல்: கால்வாயா, மடையா?

வணக்கம்.

கால்சியம் சேனல் மரபணுக்கள் எலிகளின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்று எழுதப் புகுந்தால், முதல் சொல்லிலேயே தடுக்கிவிடுகிறது. செல்லின் சவ்வில் அமர்ந்து கால்சியம் அயனிகளை உள்ளே விடும் புரதம்தான் கால்சியம் சேனல். அந்தச் 'சேனலை'த் தமிழில் எப்படிச் சொல்வது? 'அலைவரிசை' என்று எழுதியவர்களும் உண்டு. அது தொலைக்காட்சியோடு இருக்கட்டும். 'கால்வாய்' பரவலானதுதான். ஆனால் கால்வாயில் நீர் இருந்தால் ஓடும், அவ்வளவே. இந்தப் புரதமோ சவ்வின் மின்னழுத்தம் மாறினால்தான் திறக்கும். எனவே 'மடை' என்கிறேன்: மின்னழுத்தக் கால்சியம் மடை.

நிலைகள் மூன்று: மூடிய, திறந்த, முடங்கிய. முடங்கிய மடை, தூண்டும் மின்னழுத்தம் நீடித்தாலும் அயனியை விடாது. மூடலையும் முடக்கத்தையும் ஒன்றாக்கினால் திமோத்தி நோய்க்குறி என்ற அரிய மரபணுக் கோளாற்றை விளக்கவே முடியாது. அதில் காக்னா1சி (CACNA1C) என்ற மடை மரபணு தரும் புரதத்தின் 406ஆம் அமினோ அமிலமான கிளைசின், அர்ஜினினாக மாறுகிறது. மடை முடங்கத் தாமதிப்பதால் கால்சியம் மிகுதியாக நுழைகிறது. இதே மாற்றம் புகுத்திய எலிகள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தன. பிற எலிகளோடு பழகும் விதமும் மாறியது.

*

> எனவே 'மடை' என்கிறேன்

எனக்கும் உடன்பாடுதான் ஐயா. ஆனால் மடை என்பது முழுப் புரதமா, அதன் கதவா? மடையின் முதன்மை அலகான ஆல்ஃபா1இல் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் சவ்வை ஊடுருவும் ஆறு சுருள்கள். நான்காவது மின்னழுத்தத்தை உணரும். ஐந்தும் ஆறும் துளையை அமைக்கும். ஆறாவதன் உள்முனையே கதவு. முழுமைக்கு மடை, உள்ளே உணரி, துளை, கதவு என்று பிரித்தால் சரி. பீட்டா, ஆல்ஃபா2டெல்டா இரண்டும் துணை அலகுகள்தாம், மடை அல்ல.

நடத்தைச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'அச்சம்', 'பதற்றம்' இரண்டையும் கலக்கவே கூடாது. மின்னதிர்ச்சியோடு ஒலியை இணைத்துப் பழக்கி, பின் எலி உறைந்து நிற்கும் நேரத்தை அளந்தால் அது அச்சம். தரையிலிருந்து உயர்த்திய கூட்டல்குறிப் பாதையில் சுவரில்லாத கைகளில் கழிக்கும் நேரம் பதற்றத்துக்கானது. காக்னா1டி என்ற இன்னொரு மடை மரபணுவை நீக்கிய எலிக்குக் காது கேட்காது. உட்செவி மயிர்ச்செல்களுக்கு அந்த மடை வேண்டும். அதனிடம் ஒலியை வைத்துச் சோதித்துவிட்டு 'அச்ச நினைவு குன்றியது' என்று எழுதினால் அபத்தம். ஒலிக்குப் பதில் கூண்டின் சூழலையே அதிர்ச்சியை நினைவூட்டும் அடையாளமாக வைக்க வேண்டும். காக்னா1ஏ என்ற மடை மரபணு பழுதான 'டாட்டரிங்' என்னும் எலி வகையோ தள்ளாடும். சுழல் உருளையில் நடையைச் சோதிக்காமல் 'திறந்த கைக்குப் போகவில்லை, ஆகவே பதற்றம்' என்று முடிவுகட்ட முடியாது.

*

ஏற்கிறேன். முழுமைக்கே மடை.

'நீக்கம்' என்ற சொல்லுக்கும் அடைமொழி தேவை. காக்னா1சி மரபணுவின் இரு படிகளையும் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) உடல் முழுதும் நீக்கினால் கரு பிழைக்காது. நடத்தை ஆய்வுக்கு வருபவை ஒருபடி நீக்கமோ, முன்மூளையில் மட்டும் செய்த இடஞ்சார் நீக்கமோதான். வெறுமனே 'நீக்கிய எலி' என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

*

அந்த 'எலி'யையும் திருத்திவிடுவோம், நான் எழுதியதையும் சேர்த்து. இவை சுண்டெலிகள். காக்னா1சியில் ஒருபடி நீக்கிய பெரிய எலிகளும் ஆய்வில் உள்ளன. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் முடிவுகள் கலந்துவிடும்.