புதுப்பிப்பு: பஸ் பயணத்துக்கு நானே தைத்த சுடிதார் டாப்

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், கடையில் வாங்கும் டாப்பில் பாக்கெட் இல்லை, மேல்கம்பியைப் பிடித்தால் முழு டாப்பும் மேலே ஏறுகிறது, நானே தைத்துக்கொள்ளலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். தைத்துவிட்டேன், போட்டுக்கொண்டும் போகிறேன்.

அக்குளைத் தாராளமாக இறக்கி வெட்டச் சொன்னீர்கள் பலர். அங்கேதான் விஷயம் தலைகீழ். அக்குள் எவ்வளவு இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது டாப் அவ்வளவு இழுபடும். அதனால் அக்குளை மேலேயே நிறுத்தி, கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன சதுரத் துண்டை டைமண்ட் போலத் திருப்பி வைத்துத் தைத்தேன். முனை நான்கும் சுருங்காமல் உட்காரப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இப்போது கம்பியைப் பிடித்தாலும் டாப் அசைவதில்லை.

பாக்கெட் பக்கத் தையலில். பை முடிந்த பிறகுதான் சைடு ஓப்பன் ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் போன் எட்டிப் பார்க்கும். ஓப்பன் தொடங்கும் இடத்தில் உள்பக்கம் ஒரு துண்டு வைத்துக் கெட்டித் தையல். பஸ் படி ஏறும்போது முதலில் கிழிவது அந்த இடம்தான்.

துணி காட்டன். வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள், நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். கை முக்கால் நீளம்: ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலையில் குளிரும், கிருஷ்ணகிரியில் இறங்கினால் புழுக்கம்.

அடுத்தது பேன்ட். இடுப்புக்கு நாடாவா, எலாஸ்டிக்கா?