மூத்தோர் மறுவாழ்வுப் பதிவேடு: டெல்டா முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டுமா?

கும்பகோணம் பிசியோ:
பக்கவாதத்துக்குச் சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வரும் முதியவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் முடிவும் மாத்திரைப் பட்டியலும் இருக்கின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவாரா, விழுங்கும்போது புரை ஏறுகிறதா என்பவை பெரும்பாலும் இருப்பதில்லை. அண்மையில் ஒரு பெரியவரின் சீட்டில் ‘பார்தல் 20’ என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தாமே செய்கிறார் என்பதற்கு மதிப்பெண் போடும், 1965-இல் வெளியான அந்த அளவுகோல் 100 வரையும் போடப்படுகிறது, 20 வரையும் போடப்படுகிறது. 20-க்கு 20 என்றால் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்பவர். 100-க்கு 20 என்றால் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் துணை வேண்டியவர். அந்தச் சீட்டை நம்பி ஒருவரை எப்படி எழுப்பி நிற்க வைப்பது? தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களுக்கும் ஒரே படிவம் வேண்டும்.

மன்னார்குடி செவிலியர்:
சார், அந்தக் குழப்பம் தீர ‘எத்தனைக்கு’ என்று சேர்த்து எழுதினால் போதும். பார்தலின் பத்துக் கேள்விகளில் ஒன்று மாடிப்படி ஏறுவது. மாடியே இல்லாத ஓட்டு வீட்டுப் பாட்டிக்கு அதில் என்ன மதிப்பெண் போடுவது? தரையில் உட்கார்ந்து எழுவாரா, மழைக்காலத்தில் வழுக்கும் கொல்லையைத் தாண்டி இரவில் கழிவறைக்குப் போவாரா என்பதற்கு அதில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததை நாளடைவில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். இப்போது கேஸ் ஷீட்டில் நாலு வரியாவது எழுதுகிறோம். படிவம் வந்தால் டிக் அடிப்பதோடு முடிந்துவிடும்.

கும்பகோணம் பிசியோ:
சிஸ்டர், உங்கள் நாலு வரியை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த ஷிப்டில் வருபவரும் அவற்றை எழுதுவார் என்பதற்கு என்ன உறுதி? 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே போகிறார். வார்டு, எங்கள் பயிற்சிக்கூடம், வீடு என்று மூன்று இடங்களில் மூன்று விதமாக அளந்தால், நோயாளி தேறுகிறாரா, பின்னடைகிறாரா என்று எவராலும் சொல்ல முடியாது. தரையில் அமர்ந்து எழுவதையும் கொல்லைக்குப் போவதையும் கட்டாயக் கேள்விகளாகவே சேர்ப்போம். பார்தல் மதிப்பெண்ணோடு கூட்டாமல் தனியாக இருக்கட்டும்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு மகள்:
அந்தப் படிவம் யார் கையில் இருக்கும் என்பதையும் பேசுங்கள். அம்மாவுக்கு, மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கும் 14 இலக்க ஆபா எண் எடுத்திருக்கிறோம்; ஓடிபி போவதோ திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பியின் கைபேசிக்கு. அவன் ஷிப்டில் இருந்தால், அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் பதிவைத் திறக்க முடிவதில்லை. கணினியில் ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே தமிழில் ஒரு தாளும் கொடுங்கள். சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டுமா, எந்தப் பக்கம் நின்று தாங்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிற எங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

மன்னார்குடி செவிலியர்:
நீங்கள் சொல்வது நியாயம், அம்மா. வீட்டுக்குத் தமிழ்த் தாள் கட்டாயம் வேண்டும். சார், நீங்கள் சொன்ன கேள்விகளோடு படிவம் ஒரே பக்கத்தில் அடங்கி, கீழே கைப்பட எழுத இடமும் விட்டால் நானே நிரப்புகிறேன். ஆனால் தாளில் எழுதியதையே இரவுப் பணியில் மறுபடி கணினியில் ஏற்றச் சொன்னால் எதிர்ப்பேன். அந்த நேரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம். தட்டச்சுக்குத் தனியாக ஆள் போடாமல் இதைத் தொடங்கக் கூடாது.