கரி மோட்டார் ஸ்பீட்வே: காரும் பைக்கும் ஓடும் நாளில் குழந்தையோடு எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்குக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன், அவளுக்கு 9 வயது. அப்பாவும் வருகிறார், 70 தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களும் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பை பைக்குகளும் ஒரே நாளில் ஓடுமாம். டிவியில் எஃப் 1 (ஃபார்முலா 1) கார் பந்தயம் பார்த்ததோடு சரி, நேரில் போனதில்லை. எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்? சத்தம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா? காலையிலேயே போக வேண்டுமா, மதியம் போனால் போதுமா?

பதில் 1:
காலையிலேயே போய்விடுங்கள். போத்தனூர் வழியாகப் போனால் சுலபம்.

எல்லாரும் நேராக ஸ்டார்ட் ஃபினிஷ் கோட்டுப் பக்கம் போய் நிற்பார்கள். ஸ்டார்ட் மட்டும் அங்கே பாருங்கள், சிவப்பு விளக்கு அணைந்ததும் எல்லா வண்டியும் ஒரே மூச்சில் கிளம்புவதை நேரில் பார்க்க வேண்டும். அப்புறம் நேர்பாதை முடிந்து வேகம் குறைக்கும் வளைவு தெரிகிற இடத்துக்கு மாறிவிடுங்கள். நேர்பாதையில் வண்டி விர்ரென்று போய்விடும், யார் யார் என்றே தெரியாது; வளைவில்தான் ரேஸ் நடக்கிறது. டிராக்கே 2 கிலோமீட்டரை ஒட்டித்தான், அதனால் போன வண்டி சீக்கிரம் திரும்பி வந்துவிடும், குழந்தைக்குச் சலிக்காது.

காரும் பைக்கும் ஓடுகிற நாளில் இடத்தை மாற்றாமல் அதே வளைவில் நின்று இரண்டையும் பாருங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். ஃபார்முலா கார் வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும், நான்கு டயரும் தரையைக் கவ்வும். பைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பெரும்பாலான பிரேக்கை முடிக்க வேண்டும், அதற்காக டேங்கில் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நெஞ்சில் காற்றை வாங்குவார், பிறகு இடுப்பை ஒரு பக்கம் இறக்கி முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரும்புவார். முழங்காலில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டை தார் மேல் உரசுகிற சத்தம், வண்டிகளுக்கு நடுவில் ஒரு நொடி அமைதி கிடைத்தால் உங்களுக்கே கேட்கும். கான்டினென்டல் ஜிடி 648 சிசி, கடையில் வாங்கும்போது 200 கிலோவைத் தொடுகிற வண்டி, அதை அப்படிச் சாய்க்கிறார்கள்! எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் காற்றுக்கு ஒளிந்துகொண்டு வந்து கடைசி வளைவில் முந்துவார்கள்.

இன்னொன்று, நடுவில் ஒன்றுமே நடக்காமல் நேரம் போகும், அப்போது கிளம்பிவிடாதீர்கள். ஒரு கார் ஆயில் கொட்டினாலோ ஓரத்து மண்ணை உள்ளே இழுத்துவிட்டாலோ மார்ஷல்கள் (டிராக்கின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர்கள்) பொடி தூவி, துடைப்பத்தால் பெருக்கி, குனிந்து கையால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த பந்தயத்தை விடுவார்கள். அடுத்து வருவது பைக் என்றால் இன்னும் கவனம், காருக்குச் சும்மா வழுக்கிவிட்டுப் போவது பைக்காரருக்கு எலும்பு முறிவு. அந்தப் பெருக்குகிற வேலையை மகளுக்குக் காட்டுங்கள். மஞ்சள் கொடி ஆடினால் முந்தக் கூடாது, சிவப்பு என்றால் பந்தயம் நின்றது, இந்த இரண்டும் தெரிந்தால் அவளே உங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

பதில் 2:
காது விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். குழந்தைக்குக் காதை முழுதாக மூடுகிற மஃப் வாங்குங்கள், காதுக்குள் வைக்கிற ஃபோம் அடைப்பான் அவர்கள் காதில் சரியாக நிற்காது. பெரியவருக்கு மடக்கு நாற்காலி, தொப்பி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் வெயிலே தெரியாது, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் எரியும். தூசிக்கு ஒரு கைக்குட்டை, தண்ணீர், வீட்டில் கட்டிய புளிசாதம், போதும்.

பதில் 3:
அப்பாவை அழைத்துப் போவது கேட்டு மனசு நிறைந்தது. 80களில் என் அண்ணன் என்னைச் சென்னை பக்கத்துச் சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது, அங்கேயும் ஒரே நாளில் பைக்கும் காரும் ஓடும். சத்தம் முதலில் வரும், வண்டி பின்னால் வரும். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. உங்கள் கரி டிராக் யார் பெயரில் இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லுங்கள் தம்பி. கரிவர்தன் சோழவரத்தில் ஓட்டியவர், மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார் செய்து, பணக்காரர் அல்லாத பிள்ளைகளும் ஒற்றை இருக்கை காரில் உட்கார வழி செய்தவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான், 2005இல் எஃப் 1 வரை போனார்.

கேள்வி கேட்டவர்:
போய் வந்தோம், மூவருக்கும் ரொம்ப நன்றி. வளைவுப் பக்கம் வேலியோரம் அப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டோம், மதியம் வரை எழவே இல்லை. ஃபார்முலா பந்தயத்தில் ஒரு கார் சுழன்று மண்ணில் நின்றுவிட்டது, பின்னால் வந்த மூன்று கார்களும் ஒதுங்கிப் போன விதத்தைப் பார்த்து எனக்கே கை நடுங்கியது, ஓட்டியவர் இறங்கி நடந்து வந்தார். அப்புறம் துடைப்பத்தோடு நான்கு பேர் வந்ததும் மகள் மஃபைக் கழற்றிவிட்டு, “இப்ப பைக் வரும், அதான் நல்லா கூட்டறாங்க” என்று தாத்தாவுக்குச் சொன்னாள். அதே வளைவில் பைக்குகள் வந்தபோதுதான் நீங்கள் எழுதியது புரிந்தது, காரில் பார்த்த இடம் மாதிரியே இல்லை. கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்தவர் உள்பக்கம் புகுந்து இரண்டு பேரைத் தாண்டினார், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றையும் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அடுத்த ரவுண்டு தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள்.