உதவி: தமிழ் எழுத்துக் கட்டைகள் செய்து முடித்தேன், ஆனால் சில கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

ரங்கூன் செல்வி:
வணக்கம். நான் ரங்கூனில் தாம்வேயில் இருக்கிறேன். கோடை விடுமுறையில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்காக, முப்பரிமாணப் பிரிண்டரில் எழுத்துக் கட்டைகள் செய்து முடித்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்ததைக் கையில் பொருளாக எடுப்பது எனக்கு இதுவே முதல் தடவை.

மெய்க்கு ஒரு கட்டை, துணைக்காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று. 'க' கட்டையின் இரு பக்கமும் காடி (பள்ளம்), கால் கட்டையிலும் கொம்புக் கட்டையிலும் அதில் இறங்கும் நாக்கு. காலை மேலிருந்து இறக்கினால் 'கா', இடப்பக்கம் கொம்பும் சேர்ந்தால் 'கொ'. உகர, ஊகார வரிசையை இப்படிப் பிரிக்க வழியில்லை. கு, சு, மு, று எல்லாம் வெவ்வேறு விதமாக வளைகின்றன. அதனால் அந்த 36 எழுத்துக்கும் தனிக் கட்டை. டி, டீ இரண்டிலும் விலங்கு (இகர, ஈகாரக் குறி) எழுத்தோடு ஒட்டிவிடுவதால் அவையும் தனி. எங்கள் பிள்ளைகள் படிப்பது பர்மியப் பள்ளியில். பர்மிய எழுத்திலும் ஏகாரக் குறி மெய்க்கு இடப்பக்கம்தான் நிற்கும், ஆகவே கொம்பை யாரும் சொல்லாமலே சரியான பக்கம் வைக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம்.

சிக்கல் பொருத்தத்தில். ஒரே கால் கட்டை 18 மெய்யோடும் சேர வேண்டும். சிலவற்றில் முக்கால்வாசி இறங்கி அடியில் நின்றுவிடுகிறது, சிலவற்றில் பாதியிலேயே மாட்டுகிறது. பிஎல்ஏ பிளாஸ்டிக், 0.4 மி.மீ. நாசில் (உருகிய பிளாஸ்டிக் வரும் முனை), 0.2 மி.மீ. அடுக்கு, கட்டை கனம் 6 மி.மீ. காடிக்கும் நாக்குக்கும் நடுவே பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி. இடைவெளியைக் கூட்டினால் மற்றவை லொடலொடவென்று ஆகிவிடுமே?

மோல்மீன் பட்டறை:
தங்கச்சி, இடைவெளியில் கை வைக்காதீங்க. அடியில் நிற்கும் கால் கட்டையைத் தலைகீழாகப் புரட்டி இறக்கிப் பாருங்க. பாதியில் மாட்டுவதையும் அப்படியே செய்து, இரண்டும் என்ன ஆகிறது என்று சொல்லுங்க.

ரங்கூன் செல்வி:
புரட்டினால் முதல் வகை முழுசாக இறங்குகிறது அண்ணே! இரண்டாவது வகை அப்போதும் பாதியில்தான் நிற்கிறது.

மோல்மீன் பட்டறை:
அப்போ இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது, யானைக்கால் என்று சொல்வோமே, அது. முதல் அடுக்கு ஒட்டுவதற்காக நாசில் அதைச் சூடான பெட்டோடு (கட்டை வளரும் தட்டோடு) அழுத்துவதால் அடி ஓரம் வெளியே பிதுங்கும். உங்கள் காடி, நாக்கு இரண்டிலும் அடியில் பிதுக்கம் இருக்கிறது. கடைசியில் இரண்டும் நேருக்கு நேர் வரும்போது அந்த 0.2 போதவில்லை. புரட்டினால் ஒரு பக்கப் பிதுக்கம் மேலே போய்விடுகிறது. செய்த கட்டைகளின் அடி ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவினால் போதும். மெஷின் போட்டுத் தேய்க்காதீங்க, பிஎல்ஏ சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். இனி செய்வதற்கு, வரைபடத்திலேயே அடி விளிம்பை 0.4 மி.மீ. சாய்த்துவிடுங்க. குராவில் (வரைபடத்தை அடுக்குகளாக வெட்டிப் பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள்) முதல் அடுக்கின் கிடைமட்ட விரிவை மைனஸில் வைத்தாலும் சரியாகும். ஆனால் நாளைக்கு வேறு ஊரில் வேறு பிரிண்டரில் ஒருவர் போட்டாலும் பொருந்த வேண்டும் என்றால், சாய்வு வரைபடத்திலேயே இருப்பது நல்லது.

இரண்டாவது வகைக்கு ஒரு கேள்வி. அவை ஓடும்போது கரண்ட் போனதா?

ரங்கூன் செல்வி:
போனது. இங்கே கரண்ட் நிலைமை உங்களுக்குத் தெரியும். வந்ததும் பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்ந்தது.

மோல்மீன் பட்டறை:
அதுதான். கரண்ட் போனதும் சூடான நாசில் கட்டை மேலேயே நின்றுவிடும். அங்கே உருகி வழிந்தது ஒரு கட்டியாகிவிடும். காடிச் சுவரைத் தடவிப் பாருங்க, அந்த உயரத்தில் மேடு தட்டுப்படும். அரத்தால் ராவி எடுத்துவிடலாம்.

இனிமேல் குராவில் 'ஒவ்வொன்றாக' என்ற முறையில் போடுங்க. வழக்கமாகப் பெட்டில் உள்ள எல்லாக் கட்டையும் அடுக்கடுக்காகச் சேர்ந்தே வளரும், கரண்ட் போனால் அத்தனையும் கெடக்கூடும். இந்த முறையில் ஒன்று முடிந்தபிறகுதான் அடுத்தது. போனால் ஒரு கட்டையோடு போகும். 6 மி.மீ. உயரம்தான் என்பதால் தலை ஓடும் தண்டு முட்டாது. தலை முட்டாமல் இருக்க நடுவே இடம் விட வேண்டியிருப்பதால் பெட்டில் குறைவாகத்தான் கொள்ளும், பரவாயில்லை.

நவீன் மாண்டலே:
காடியே வேண்டாமே. பக்கத்தில் குட்டிக் காந்தம் பதித்தால் தானே ஒட்டிக்கொள்ளும். பார்க்கவும் அழகு.

பெகு டீச்சர்:
தம்பி, அழகுதான், ஆனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு அது வேண்டவே வேண்டாம். காந்தம் கழன்று ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால், குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். குடலில் ஓட்டையே விழும், உயிருக்கு ஆபத்து.

செல்வி, நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் புள்ளிக் கட்டை எவ்வளவு பெரிசு? வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு தம்பி தங்கச்சிகளும் வருவார்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளை 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே போய்விட்டால் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு.

ரங்கூன் செல்வி:
அக்கா, புள்ளிக் கட்டை உள்ளே போகும் அளவுதான். மெய்யின் முழு அகலத்துக்கும், அந்த உருளைக்குள் எப்படிப் போட்டாலும் முழுசாக அடங்காத நீளத்துக்கு, ஒரு பட்டையாக மாற்றிவிட்டேன். மேலே பொருத்தினால் நடுவில் புள்ளி நிற்கிறது. பர்மிய எழுத்திலும் மெய்யை நிறுத்தும் குறி மேலேதான் வரும் என்பதால், பட்டை எதற்கென்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

பட்டறை அண்ணே, சீவியதும் ராவியதும் பலித்தது, எல்லாம் பொருந்துகிறது. இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்தைத் தொடும் முன்னால் ஒரு காடி, ஒரு நாக்கு மட்டும் 0.1, 0.2, 0.3, 0.4 இடைவெளிகளில் போட்டுப் பாருங்கள். அந்தத் துண்டு இப்போது என் மேசையில் அளவுகோலாகவே இருக்கிறது, புது ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) சுருள் பிரித்தால் முதலில் அதைத்தான் போடுகிறேன். எழுத்து வடிவத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் நோட்டோ தமிழ் எழுத்துருவில் தட்டி, பாதையாக மாற்றிக்கொண்டால் கொம்பும் காலும் குலையாமல் வருகின்றன. மழைக்காலத்தில் சுருளை சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஈரம் ஏறினால் நாசிலில் படபடவென்று வெடித்து, கட்டை முழுக்க நூல் நூலாக இழுக்கும்.

அக்கா, உங்கள் வகுப்புக்கும் ஒரு செட் போடுகிறேன். பெகுவுக்குக் காரில் கொடுத்தனுப்பலாமா?

மோல்மீன் பட்டறை:
தாராளமாக. வண்டியை வெயிலில் நிறுத்தும்போது மட்டும் பெட்டியை உள்ளே விடச் சொல்லாதீங்க. 60 டிகிரியை நெருங்கினால் பிஎல்ஏ வளைய ஆரம்பிக்கும், ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும்.