திருப்பதியோடு கண்டிகோட்டாவும்: அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வாவிக்கரையான்:
தை மாதம் இலங்கையில் இருந்து குடும்பமாகத் திருப்பதி போகிறோம், அங்கிருந்து வான் பிடித்துக் கண்டிகோட்டாவையும் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பலாம் என்று எண்ணம். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், பெண்ணாறு சிவப்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கு, அதன் விளிம்பிலேயே பழைய கோட்டை. அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். தம்பி இதை விசர் வேலை என்கிறான்.

கல்லடிக்காரன்:
உங்கள் தம்பி பக்கம்தான் நானும். திருப்பதியில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். தரிசன வரிசையில் நின்று களைத்த காலோடு வானில் குந்தி, இறங்கியதும் பாறைக்குப் பாறை தாவப் போகிறீர்களா? விளிம்பில் பல இடங்களில் வேலி கிடையாது. சீகிரியாவில் இரும்புப் படியும் கைபிடியும் இருந்தும் எங்கள் ஆட்கள் பாதியில் திரும்பி வருகிறார்கள். பழைய கல்லும் மலையும்தான் வேண்டுமென்றால் அம்பாறையில் உகணைப் பக்கம் இராஜகல இருக்கிறதே, விசாவும் தேவையில்லை.

அக்கரைப்பற்று நானா:
இராஜகல நல்ல இடம்தான், ஆனால் அது மலைக்காட்டுக்குள் இருக்கிற பழைய பௌத்த மடாலயம், அங்கே பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது? கண்டிகோட்டாவை வெறும் பாறை என்று நினைத்தால் போகாமல் விடுவதே நல்லது. கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிற ஊர், அதைத் தாண்டி ஜாமியா பள்ளிவாசல், பக்கத்தில் பெரிய தானியக் களஞ்சியம், அப்புறம் விஜயநகரக் காலத்துக் கோபுரத்தோடு மாதவராயர் கோயில், எல்லாம் கிட்டக் கிட்ட. பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டையை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார், 1652இல் பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே அவரைப் பார்க்க அங்கேயே போயிருக்கிறார். பள்ளிவாசலையும் கோயிலையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் திடீரென்று தரை முடிந்துவிடும், கீழே ஆறு. வேறெங்கே இப்படி இருக்கிறது, சொல்லுங்கள்!

கல்லடிக்காரன்:
நானா, வரலாறு எனக்கும் பிடிக்கும். அவர் கேட்டது முழங்கால் வருத்தத்தைப் பற்றி.

உகந்தை யாத்திரைக்காரி:
நாங்கள் உகந்தையில் இருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமம் நடக்கிற ஆட்கள், நடைக்கு யாரும் பயப்படவில்லை. அந்த வழியில் வயதான அம்மாமாரே எங்களுக்கு முன்னால் போவார்கள். ஆனால் அது மண் பாதை. இங்கே விளிம்புக்குப் போக உருண்டைக் கற்களின் மேல் கால் வைக்க வேண்டும், ஆற்றுக்கு இறங்குகிற வழி அதைவிட மோசம், ஏறி வருவது இன்னும் மோசம். அம்மா களஞ்சியம், கோயில் பக்கத்தோடு நிற்கட்டும், அது சமதரை. அப்பாவும் நீங்களும் விளிம்பு வரை போங்கள், கீழே இறங்க வேண்டாம். இன்னொன்று, ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். நடுப்பகலில் அந்தப் பாறை அனலாக இருக்கும், பின்னேரமோ விடியற்காலையிலோ பார்த்தால்தான் சிவப்பு தெரியும். கோட்டைக்குக் கிட்ட ஆந்திரச் சுற்றுலாத் துறையின் விடுதி இருக்கிறது, இல்லாவிட்டால் 15 கிலோமீட்டர் தள்ளி ஜம்மலமடுகு.

கல்லடிக்காரன்:
ஒரு இரவு தங்குவதென்றால் என் எதிர்ப்பு பாதி குறையும். மீதிப் பாதி வான்காரர்களால். எங்களைக் கூட்டிப் போனவர் ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வேண்டும் என்று ஹோன் அடித்தபடியே நின்றார், அதில் என்னத்தைப் பார்ப்பது?

அக்கரைப்பற்று நானா:
அப்போ கோபம் வான்காரரில், பள்ளத்தாக்கில் இல்லை 😄 தங்குவதைப் புறப்படும் முன்பே பேசி, சாரதியின் படிக்காசையும் முடிவு செய்துவிட வேண்டும்.

வாவிக்கரையான்:
சரி, ஒரு இரவு தங்குகிறோம். திரும்பும்போது பேலம் குகையையும் பார்க்கலாமா? 60 கிலோமீட்டர் அளவில் என்கிறார்கள்.

உகந்தை யாத்திரைக்காரி:
3 கிலோமீட்டருக்கு மேல் நீளமான குகை, உள்ளே புழுக்கம், படி இறங்க வேண்டும். அது சென்னைப் பாதையிலும் இல்லை, எதிர்ப்பக்கம். அம்மாவோடு வேண்டாம் தம்பி.

கல்லடிக்காரன்:
இதில் அக்காவோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.

அக்கரைப்பற்று நானா:
நான் ஒத்துப்போகவில்லை, ஆனால் அம்மாவின் முழங்காலை வைத்து இனி வாதாட முடியாது. தண்ணீர்ப் போத்தலை ஜம்மலமடுகிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.