கூகுள் ஷீட்டில் குறிச்ச டைம்கோடை ரிசால்வில் தானாக கட் ஆக்குவது எப்படி? (ராத்திரிக் கூத்துப் பதிவு)

ஆற்காடு_ஃபிரேம் கேட்டது:

வணக்கம். எங்க பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் நடந்த துகில் உரிதல் கூத்து. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் பதிவு. ஒரே கேமரா, வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்), டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள மணி:நிமிஷம்:வினாடி:ஃபிரேம் எண்) கடிகார நேரத்தில் ஓடுது. நீளமான பதிவுங்கறதால கேமராவே பல ஃபைலாகப் பிரிச்சிருக்கு.

கூத்து வாத்தியார் சொல்லச் சொல்ல, கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) வருகை, விருத்தம், தரு (பாட்டு வகைகள்), தர்க்கம் (வாக்குவாதம்)னு சுமார் 140 வரி ஷீட்டில் ஏத்தியாச்சு: பெயர், தொடக்கம், முடிவு. முதல் பாதி கேமராவின் டைம்கோடு. மீதி வி.எல்.சி. வீடியோ பிளேயரில் பார்த்துக் குறிச்சது. இதை இ.டி.எல். (எங்கெங்கே வெட்டணும்னு சொல்ற எழுத்துப் பட்டியல்) ஆக்கி டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் கொடுத்தா பாதி துண்டு ஆஃப்லைன்னு (ஃபைல் கிடைக்கலைன்னு) சிவப்பா வருது. சில வரியில் முடிவு தொடக்கத்தை விடச் சின்ன எண். 12:34னு போட்டது 12 மணி 34 நிமிஷமாகுது. கையால 140 கட் போடாம இதைச் சரிபண்ண முடியுமா?

காட்பாடி_கட் பதில்:

முடியும். மூணு தொல்லைக்கும் வேர் ஒண்ணுதான்: ஒவ்வொரு எண்ணும் எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டதுன்னு ஷீட்டுக்குத் தெரியலை. எல்லாத்தையும் முதல்ல ஃபிரேம் எண்ணாக மாத்துங்க. கணக்கெல்லாம் ஃபிரேமில் நடக்கட்டும், கடைசி வரியில் மட்டும் திரும்ப டைம்கோடாக்குங்க.

முதல் வேலை, நேரப் பத்தி முழுக்க 'வெறும் எழுத்து' ஃபார்மேட். ஷீட்டில் நேரம்ங்கறது ஒரு நாளின் பின்னம். 12:34ஐ மணி-நிமிஷமாகத்தான் எடுத்துக்கும். அதனால எப்பவும் நாலு ஜோடியும் அடிங்க: 00:12:34:10. வி.எல்.சி. ஃபிரேமைக் காட்டாது, அந்த வரிகளுக்கு கடைசியில் 00 போதும்.

தொடக்கம் பி பத்தியில் இருந்தா ஃபார்முலா இது. பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கேன், ஷீட்டில் ஆங்கிலத்திலேயே அடிங்க:

=((லெஃப்ட்(பி2,2)*60+மிட்(பி2,4,2))*60+மிட்(பி2,7,2))*25+ரைட்(பி2,2)

00:12:34:10க்கு 18860 வரணும். 00:15:02:00க்கு 22550. நீளம் 3690 ஃபிரேம், அதாவது 2 நிமிஷம் 27 வினாடி 15 ஃபிரேம். இந்த ஒரு வரி சரியா வந்தப்புறம் கீழே இழுங்க.

அடுத்தது நடுராத்திரி. கடிகார டைம்கோடு 24 மணியைத் தாண்டினதும் 00க்குத் திரும்பிடும். முடிவு சின்ன எண்ணாகத் தெரியறது அதனாலதான். ரிசால்வின் மீடியா பூலில் லிஸ்ட் பார்வைக்குப் போனா ஒவ்வொரு ஃபைலின் தொடக்க டைம்கோடும் தெரியும். அதை ஃபிரேமாக்கித் தனிப் பத்தியில் வைங்க. அப்புறம் கேமரா டைம்கோடு வரிகளுக்கு மட்டும்:

=மாட்(வரியின் ஃபிரேம் − ஃபைல் தொடக்க ஃபிரேம், 2160000)

25 ஃபிரேமில் ஒரு நாளுக்கு 2160000 ஃபிரேம். கழிச்சு மைனஸ் வந்தாலும் இந்த மாட் (வகுத்த மீதி) சரியான இடத்துக்குக் கொண்டுவந்துடும். வி.எல்.சி. வரிகள் ஏற்கெனவே ஃபைலின் பூஜ்யத்திலிருந்து எண்ணினது, அதில் கழிக்கக் கூடாது. எது எந்த வகைன்னு சொல்ல ஒரு பத்தி கட்டாயம் வைங்க.

இப்போ எல்லா எண்ணும் ஃபைலின் பூஜ்யத்திலிருந்து. ரிசால்விலும் அப்படியே ஆக்கணும்: கிளிப் ஆட்ரிப்யூட்ஸில் டைம்கோடு பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்தையும் 00:00:00:00 ஆக்குங்க. எல்லாம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கறதால ஃபைலைப் பிரிச்சுக்காட்ட ரீல் பெயர் வேணும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் கன்ஃபார்ம் பகுதியில், ஃபைல் பெயரிலிருந்தே ரீல் பெயர் எடுக்கச் சொல்லுங்க.

இ.டி.எல். வரி, சி.எம்.எக்ஸ். 3600ங்கற இ.டி.எல். முறையில், இப்படி இருக்கும் (இதையும் ஆங்கிலத்திலேயே அடிங்க):

001 கூத்து01 வி சி 00:12:34:10 00:15:02:00 01:00:00:00 01:02:27:15

நிகழ்வு எண், ரீல், சேனல், கட், அப்புறம் நாலு டைம்கோடு. முதல் இரண்டு ஃபைலில் எங்கேங்கறது, அடுத்த இரண்டு டைம்லைனில் எங்கேங்கறது. டைம்லைன் 01:00:00:00ல ஆரம்பிக்கும், அது 90000 ஃபிரேம். ஒவ்வொரு வரியும் முந்தின வரி முடிஞ்ச எண்ணிலேயே தொடங்கணும். முடிவு ஃபிரேம் துண்டில் சேராதுங்கறதால ஒண்ணு கூட்ட வேண்டியதில்லை. நிகழ்வு எண் மூணு இலக்கம்தான், 999க்கு மேல போகாது. ரீல் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்து அல்லது எண், அவ்வளவுதான் இடம். தமிழ்ப் பெயர் அங்கே வேண்டாம்.

ஃபிரேமை டைம்கோடாக்க: 90000ஆல் வகுத்தா மணி, மீதியை 1500ஆல் வகுத்தா நிமிஷம், அதன் மீதியை 25ஆல் வகுத்தா வினாடி, மிச்சம் ஃபிரேம். எல்லாம் இரண்டு இலக்கமா வரட்டும். முழு வரியையும் ஒரே செல்லில் இடைவெளி வச்சு ஒட்டுங்க. பல செல்லை நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டினா நடுவில் டேப் விழும், இ.டி.எல். படிக்கற மென்பொருள் பலதும் அதில் தடுக்கும்.

ஆற்காடு_ஃபிரேம்:

நன்றி அண்ணா. மாட் போட்டதும் நடுராத்திரி வரிகள் சரியாயிடுச்சு, சிவப்பும் போச்சு. ஆனா படம் மட்டும் வருது, சத்தம் இல்லை. ஒரு தர்க்கம் பாதியிலேயே நிக்குது.

குடியாத்தம்_போஸ்ட் பதில்:

தர்க்கம் நிக்கறது ஃபைல் மாறுற இடமாத்தான் இருக்கும். முடிவு எண் ஃபைலின் மொத்த நீளத்தைத் தாண்டுதான்னு ஒரு பத்தியில் பாருங்க. தாண்டினா அந்த வரியை இரண்டாக்கணும்: முதல் ஃபைலின் கடைசி வரைக்கும் ஒண்ணு, அடுத்த ஃபைலின் பூஜ்யத்திலிருந்து இன்னொண்ணு.

சத்தம் இல்லாததுக்கு காரணம் இ.டி.எல். வரியில் சேனல் இடத்தில் இருக்கற 'வி'. அது படம் மட்டும். 'பி'ன்னு போட்டா படமும் முதல் ஒலித்தடமும். கூத்துக்கு முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், பாட்டு எல்லாம் இரண்டு தடத்திலும் இருக்குமே. இங்கே இ.டி.எல்.லை விட ஸ்கிரிப்ட் நல்லதுன்னு நான் நினைக்கறேன். ரிசால்வின் கன்சோலில் (கட்டளை அடிக்கற ஜன்னல்) லுவா மொழியில் எழுதலாம். காலி டைம்லைன் ஒண்ணை உருவாக்கி, அப்பெண்ட்-டு-டைம்லைன் கட்டளைக்கு ஒவ்வொரு வரிக்கும் மூணே விஷயம் கொடுங்க: எந்தக் கிளிப், தொடக்க ஃபிரேம், முடிவு ஃபிரேம். தடத்தைக் குறிப்பிடலைன்னா படமும் ஒலியும் சேர்ந்தே வரும். நீங்க செஞ்ச ஃபிரேம் பத்திகள் அப்படியே உதவும். டைம்லைன் எண்ணே தேவையில்லை.

இங்கே முடிவு ஃபிரேம் துண்டில் சேரலாம். முதல் துண்டு மட்டும் போட்டு நீளம் பாருங்க. 3690க்கு பதில் 3691 வந்தா எல்லா முடிவிலும் ஒண்ணு கழிங்க. 140 துண்டுக்கு 140 ஃபிரேம் சேர்ந்தா அஞ்சரை வினாடிக்கு மேல.

இன்னொண்ணு: வாத்தியார் பாட்டு தொடங்கினதும்தான் சொல்லியிருப்பார். அதுக்கு முன்னாடி முகவீணை எடுத்துக்கொடுக்கறது வெட்டுப்படும். தொடக்கத்தில் 50 ஃபிரேம் கழிங்க, பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் போக விடாதீங்க. முந்தின வரியின் முடிவும் இந்த வரியின் தொடக்கமும் ஒண்ணா இருக்கற இடத்தில் கழிக்காதீங்க, இரண்டு வினாடி திரும்ப வரும்.

வாலாஜா_கார்டு பதில்:

கலைஞர்களுக்குப் பாட்டைத் தனித்தனி ஃபைலா கொடுக்கறதா இருந்தா, அதே ஷீட்டிலிருந்து எஃப்.எஃப்.எம்பெக் (கட்டளை அடிச்சு வீடியோ வெட்டற மென்பொருள்) கட்டளையும் எழுதிக்கலாம். ஃபிரேமை 25ஆல் வகுத்தா வினாடி: மேலே இருக்கற உதாரண வரிக்கு தொடக்கம் 754.4, நீளம் 147.6. மறுபடி என்கோட் பண்ணாம நகல் மட்டும் எடுத்தா கட் கீஃபிரேமில்தான் (முழுப் படமாகப் பதிவான ஃபிரேம்) விழும், அதனால கொஞ்சம் முன்னாடியே தொடங்கும். சரியான இடத்தில் வேணும்னா என்கோட் பண்ணித்தான் ஆகணும்.

யாராவது செல்போனில் எடுத்ததையும் சேர்க்கறதா இருந்தா, அதை முதல்ல நிலையான 25 ஃபிரேமுக்கு மாத்திட்டு அப்புறம் நேரம் குறிங்க. போன் பதிவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். ஆரம்பத்தில் சரியா விழுந்த கட், போகப் போக விலகிட்டே போகும்.